456ஆம் பிரிவின் வழக்குக் காலக்கெடுவும் 2029ஆம் ஆண்டும்: யாழ்ப்பாண நாட்குறிப்பு

2025 செப்டெம்பர் 2

ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் அக்காயேசு வழக்கின் தீர்ப்பு வந்து இன்றுடன் 27 ஆண்டுகள். ருவாண்டாவின் தாபா ஊராட்சித் தலைவராயிருந்த அவர்மீது முதலில் தாக்கலான குற்றப்பத்திரத்தில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. சாட்சியம் அளிக்க வந்த தாயொருவர் தம் சிறுமகளுக்கு நேர்ந்ததைச் சொன்னபோது நீதிபதிகள் அதை ஒதுக்கிவிடாமல் மேலும் கேட்டார்கள். 1997 ஜூனில் குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. அந்த அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதி, டேர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. தம் அலுவலக வளவிலேயே நடந்த கொடுமைகளைத் தடுக்காமல் ஊக்குவித்ததற்காக அக்காயேசு தண்டிக்கப்பட்டார். எங்கள் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், கீழுள்ளவர் செய்த குற்றத்துக்கு மேலதிகாரியைப் பொறுப்பாக்கும் 'கட்டளைப் பொறுப்பு'க்கு இடமில்லாததால், வழக்குகள் சிப்பாயோடு நின்றுவிடுகின்றன.

2025 செப்டெம்பர் 7

செம்மணியில் கிருஷாந்தியின் நினைவு நாள். 1996இல் இதே நாளில் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் திரும்பியபோது, சோதனைச் சாவடியில் இராணுவத்தினரால் பிடிக்கப்பட்டு வன்புணர்ந்து கொல்லப்பட்ட மாணவி அவர். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தது. உடல்கள் கிடைத்ததாலும் நான்கு பேர் கொல்லப்பட்டிருந்ததாலும்தான் அந்த வழக்கு அவ்வளவு தூரம் போனது என்பது என் எண்ணம். அதே காலத்தில் அதே வீதிச் சோதனைச் சாவடிகளில் துன்புறுத்தப்பட்டு உயிரோடு வீடு வந்த பெண்களுக்கு வழக்கே இல்லை.

2025 செப்டெம்பர் 16

இன்று சட்ட ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தவரைப் பற்றி, அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். பொலித்தீன் பையிலிருந்து 2009ஆம் ஆண்டுக் கிளினிக் கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஓரங்கள் கரைந்திருந்தன, உள்ளே வைத்தியரின் இரண்டு வரிகள் மட்டும் தெளிவாக இருந்தன. தடுப்பில் இருந்தபோது நடந்ததைத் தம் கணவருக்கும் சொல்லவில்லை என்றார். "இவ்வளவு காலம் ஏன் பேசாமல் இருந்தனி எண்டு கோட்டிலை கேப்பினமே, தங்கச்சி?" என்று கேட்டார்.

கேட்பார்கள். ஆனாலும் சட்டம் அவரைக் கைவிட்டுவிடவில்லை என்பதை நிதானமாக விளங்கப்படுத்தினேன். தண்டனைச் சட்டக்கோவையில் வன்புணர்வை வரையறுக்கும், 1995இல் திருத்தப்பட்ட 363ஆம் பிரிவின்படி, சட்டபூர்வமாகவோ சட்டவிரோதமாகவோ தடுத்து வைக்கப்பட்டிருக்கும் பெண் சம்மதித்தாள் என்பதே எதிர்வாதமாகாது. எதிர்த்துப் போராடியதற்கான காயங்களைக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை. ஆண்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. தடுப்பில் அதே கொடுமையை அனுபவித்த ஆண்கள் 'பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்' என்ற வேறு குற்றத்தின் கீழேயே முறையிடவேண்டும். அவர்களில் பேச வருபவர்கள் இன்னும் குறைவு.

2025 செப்டெம்பர் 17

நேற்று அவரிடம் முழுமையாகச் சொல்ல மனம் வராத பகுதி இது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு, கொலையும் இராசத் துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 ஆண்டுகளுக்குப் பின் வழக்குத் தொடரும் உரிமை இல்லை என்கிறது. கொல்லப்பட்டவருக்காக எப்போதும் வழக்குத் தொடரலாம். உயிர் தப்பியவருக்கு மட்டும் காலக்கெடு. 1996இல் நடந்தவற்றுக்கான கதவு 2016இலேயே மூடிவிட்டது. 2009 மே மாதத்துக்குரிய காலக்கெடு 2029 மே மாதத்தில் முடிகிறது. பயத்தாலும் மானத்தாலும் பிள்ளைகளின் கலியாணத்தை நினைத்தும் ஒரு பெண் வாய்மூடியிருந்த ஆண்டுகளை, அவளை வாய்மூட வைத்தவர்களின் கணக்கில் வரவு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய உரோமச் சட்டம் என்ற உடன்படிக்கையின் 29ஆம் உறுப்புரை இத்தகைய குற்றங்களுக்குக் காலவரையறை இல்லை என்கிறது. இலங்கை அதில் இணையவில்லை.

2025 செப்டெம்பர் 23

இராணுவத்தினர்மீதான விசுவமடு பாலியல் வன்கொடுமை வழக்குக் கோவையைத் திரும்ப வாசித்தேன். 2010இல் நடந்த குற்றத்துக்கு அப்போதே முறைப்பாடு செய்யப்பட்டும், யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2015 ஒக்டோபரில்தான் வந்தது. நான்கு இராணுவத்தினர் தண்டிக்கப்பட்டார்கள். பின்னர் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடனே முறையிட்டவர்களுக்கே வழி இவ்வளவு நீளம் என்றால், 2028இல் வாய்திறக்கத் துணிபவருக்கு எஞ்சியிருப்பது எவ்வளவு?

2025 செப்டெம்பர் 29

நீதி அமைச்சுக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் வரைவு முடிந்தது. ஆயுத மோதலுடன் தொடர்புடைய பாலியல் குற்றங்களுக்கு 456ஆம் பிரிவு பொருந்தாது என்ற உட்பிரிவைக் கேட்டிருக்கிறோம். பின்னோக்கிய சட்டம் என்ற ஆட்சேபம் எழும். நாடுகளின் சமூகம் ஏற்ற பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி செய்யப்பட்டபோதே குற்றமாயிருந்ததைத் தண்டிக்க அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை இடமளிக்கிறது என்ற பதிலையும் சேர்த்தோம். சிங்களப் பிரதியைச் சரிபார்த்ததும் அனுப்புவோம்.