ஏரிக்குள் நீண்ட இடிபாடு

டொரன்டோவில் ஏப்ரல் தொடக்கத்தை வசந்தம் என்பது நாள்காட்டியின் பிடிவாதம். காது விறைக்க, பறவை பார்க்கும் குழுவோடு டாமி தாம்சன் பூங்காவில் நடந்தோம். 1950களின் இறுதியிலிருந்து நகரத்தின் கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஒன்டாரியோ ஏரிக்குள் 5 கிலோமீட்டர் நீட்டிய நிலம் இது. கரையோரம் இன்னும் செங்கல்லும் துருக்கம்பியும் கிடக்கின்றன.

நாணல்களில் தோள் சிவந்த ஆண் கரும்பறவைகள், பெண்கள் வந்துசேரும் முன்பே இடம்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தன. ஆர்க்டிக் திரும்பவேண்டிய நீள்வால் வாத்துகளோ கிளம்பும் யோசனையே இல்லாமல் மிதந்தன.

இங்கே ஆயிரக்கணக்கான நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சத்தால் மரங்கள் பட்டுப்போகின்றன; கோடையில் நாற்றம் சொல்லி மாளாது. குழுவில் பாதிப்பேர் முகம் சுளித்தார்கள். என் ஓட்டு நீர்க்காகங்களுக்கே. இடிபாட்டு மேட்டில் குடியேறியவை வேறு எப்படி இருக்கும்?

போக நினைப்பவர்கள் சனி, ஞாயிறு காலையில் போங்கள். கையுறை கட்டாயம்.