மாஸ் எஃபெக்ட் முடிந்த வருடம்

மட்டக்களப்பு நகரில் கணினி திருத்தும் கடையொன்றில் சில வருடங்கள் வேலை செய்தேன். விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கு முன், எதை எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்பது எங்கள் வழக்கம். கல்யாணப் படங்கள், பாட்டுகள், அலுவலகக் கடிதங்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். 2010இன் தொடக்கத்தில், சிபியுவைப் பழைய சாரத்தால் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிக் கல்லடியிலிருந்து பாலம் கடந்து வந்த உயர்தர மாணவர் ஒருவர் மட்டும், “டொக்கியுமென்ட்ஸுக்குள்ள பயோவேர் எண்டு ஒரு போல்டர் இருக்கு அண்ணன். அது மட்டும் போதும்” என்றார்.

சில எம்பி அளவுதான் அது. மாஸ் எஃபெக்ட் என்ற கணினி விளையாட்டின் முதற்பாகத்தில் அவர் எடுத்த முடிவுகள் அந்தக் கோப்புகளில் இருந்தன. யாரைக் காப்பாற்றினார், யாரைச் சாகவிட்டார் என்பதை இரண்டாம் பாகம் அதிலிருந்து வாசித்துக்கொள்ளும். இரண்டாம் பாகத்தின் கோப்பை மூன்றாம் பாகம் வாசிக்கும். கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007இல் தொடங்கிய இந்தத் தொடரின் உயிரே அதுதான். பென் ட்ரைவில் ஒன்று, கடை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்த பிறகே போர்மட் செய்தேன்.

2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வந்தது. சில வாரங்கள் கழித்து, கணினியில் எந்தப் பழுதும் இல்லாமலே அவர் கடைக்கு வந்து உட்கார்ந்தார். தான் படைத்த இயந்திர இனமான கெத்துடன் தலைமுறைக் கணக்கில் போரிட்ட குவாரியன் இனத்தை, இரண்டாம் பாகத்திலிருந்தே பார்த்துப் பார்த்து எடுத்த முடிவுகளால் அவர் சமாதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார். முந்திய கோப்புகளில் அதற்கான அடித்தளம் இல்லாதவர்களுக்கு அந்தச் சமாதானம் வாய்க்காது. ஆனால் கதையின் கடைசி நிமிடங்களில் ஒரு சிறுவனின் உருவம் தோன்றி, படைக்கப்பட்ட இயந்திரங்கள் படைத்தவர்களை அழித்தே தீரும் என்று சொல்லி, அவற்றை அழித்தல், ஆளுதல், உயிர்களோடு இணைத்தல் என்ற மூன்று வழிகளை முன்வைத்தது. “நான் செய்து காட்டினதை அந்தப் பொடியனிட்டச் சொல்லக்கூட வழியில்ல அண்ணன்” என்றார். எதைத் தெரிவு செய்தாலும் வருவது அநேகமாக ஒரே காட்சிதான். சிவப்பு, நீலம், பச்சை என்று வெளிச்சத்தின் நிறம் மாறியது.

சோகமான முடிவைத் தாங்க முடியாத ரசிகர்களின் புலம்பல் என்று, இந்த முடிவுக்கு எழுந்த எதிர்ப்பைச் சிலர் தள்ளிவிட்டார்கள். அது சரியல்ல. ஏ, பி, சி என்று தெரிவு செய்கிற முடிவாக இருக்காது என்று தொடரின் இயக்குநர் கேசி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்பே கூறியிருந்தார். ஐந்து வருடக் கோப்பைக் கேட்டு வாங்கிய விளையாட்டு, தேவைப்பட்ட இடத்தில் அதைத் திறக்காமல் விட்டதே குறை. எங்கள் ஊருக்கு இன்னொரு குறையும் இருந்தது. இணையத்தில் பிறரோடு சேர்ந்து விளையாடாதவர்களுக்கு, கதையின் முடிவைப் பாதிக்கும் படைத் தயார்நிலை 50 சதவீதத்திலேயே நின்றது. அக்காலத்து எங்கள் இணைப்பு அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

ரசிகர்கள் எதிர்ப்பைக் காட்டிய விதம் எனக்குப் பெருமதிப்பைத் தந்தது. சிறுவர் நல நிதியொன்றுக்கு 80,000 டொலருக்கு மேல் சேர்த்தார்கள். மூன்று நிறங்களில், ஆனால் ஒரே சுவையில், 400 கப்கேக்குகளை பயோவேருக்கு அனுப்பினார்கள். நிறுவனமும் செவிசாய்த்தது. ஜூன் 26 அன்று, விரிவாக்கிய முடிவு இலவசமாக வெளியானது. இரண்டு ஜிபிக்குச் சற்றுக் குறைவான அதை, கடைக் கணினியில் இரவு முழுக்க இறக்கவிட்டுத்தான் அவருக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மீண்டும் வந்தார். பிறகு யாருக்கு என்ன நடந்தது என்பதாவது இப்போது தெரிகிறது என்றார். அதற்கு மேல் அவர் மகிழவில்லை. தன் கோப்புகளில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார். கடைசிக் கோப்பா என்று கேட்டேன். “இல்ல அண்ணன், கெத்தும் குவாரியனும் சமாதானமாகிறதுக்கு முந்தினது.”