காலிலிருந்து முதுகுக்கு ஏறிய வலி

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் எங்களுக்கு முதுகு நிமிராது. அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் அன்றைக்குத்தான் வெளியாகும். அதற்கப்புறம் ஆர்டர் வந்து குவியும். கடைப் பெயர், போன் நம்பர், சாமி படம் என்று மாற்றி மாற்றிப் போட்டே பத்து, பன்னிரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் போய்விடும். கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் தயாரிக்கிற இந்த டிடிபி வேலைக்கு நான் வந்து பத்தொன்பது வருஷம். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரு வழிக்கு இருபது கிலோமீட்டர், போக வர பைக்தான்.

அப்படி ஓர் ஆவணி மாதக் காலையில் ஆபீஸில் தண்ணீர் கேன் தீர்ந்துபோயிருந்தது. தூக்கி வைக்கிற பையன் வரவில்லை. 20 லிட்டர் கேனைக் குனிந்து எடுத்து, இடுப்பைத் திருப்பி, டிஸ்பென்சரில் கவிழ்த்தேன். தண்ணீர் 'களக் களக்' என்று இறங்கியது. இடுப்பில் ஏதோ சொடுக்கிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வரை வேலையும் பார்த்தேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தும்மல் வந்தது பாருங்கள். வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக, கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி சுண்டி இழுத்தது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா வாயுப் பிடிப்பு என்றாள். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். சுளுக்கு வழிக்கிறவர் ஒருவரிடம் போனேன். எண்ணெய் போட்டு நீவுகிற வரை சுகமாகத்தான் இருந்தது. கடைசியில் குப்புறப் படுக்கவைத்து முதுகில் காலை வைத்து ஒரு மிதி மிதித்தார். அன்றைக்கு ராத்திரி நான் படுக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. போனது நான்தானே.

எலும்பு டாக்டர் என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் சங்கடமான கேள்விகளாகக் கேட்டார். ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா, இரண்டு காலிலும் வலி இருக்கிறதா, பாதம் தூக்க முடியாமல் தொங்குகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துரணும், நாளைக்குப் பாப்போம்னு இருந்துரக் கூடாது" என்றார். வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இருப்பார்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள திரிக எலும்புக்கும் நடுவில் இருக்கிற வட்டு, அதாவது எல்5–எஸ்1 டிஸ்க், வலது பக்கமாகப் பிதுங்கி எஸ்1 நரம்பு வேரை அழுத்துகிறது என்று ரிப்போர்ட். அந்த வேர் போய்ச் சேர்கிற, காலுக்கு இறங்குகிற சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே தடித்த நரம்பாம். முதுகின் அடியிலிருந்து வரும் ஐந்து வேர்கள் சேர்ந்து உருவாகிறது. எந்த வேர் அழுத்தப்படுகிறதோ அதற்குத் தகுந்தபடி வலி போகிற வழியும் மாறும். எஸ்1 என்றால் பின்தொடை, கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். தும்மலன்று எனக்கு இழுத்த பாதை அச்சு பிசகாமல் அதேதான்.

ஆபரேஷனா என்று கேட்டேன். இப்போது வேண்டாம், ஆறு வாரம் பிசியோதெரபி செய்து பார்க்கலாம் என்றார். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் தெரியும், படத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்றார். பிதுங்கிய பகுதியைப் பலருக்கு உடம்பே மெல்லக் கரைத்துவிடுமாம். வலி மாத்திரையும் நரம்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். நரம்பு மாத்திரை போட்டால் ஒரே தூக்கக் கலக்கம். அந்த வாரம் ஒரு தினசரி காலண்டரில் அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். புரூப் பார்க்கிற அண்ணாச்சி பிடித்தார், பிழைத்தேன்.

முதலில் போன பிசியோதெரபி சென்டரில் தினமும் கரண்ட் வைத்தார்கள், சூடு வைத்தார்கள், இடுப்பில் பெல்ட் கட்டி இழுத்தார்கள். படுத்திருக்கும் அரை மணி நேரம் சொர்க்கம். வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்து ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் வலி திரும்பிவிடும். பத்து நாள் இப்படியே போனது. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கரண்ட் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது மட்டும்தான் வைத்தியம் என்று நினைத்தது என் தப்பு.

இரண்டாவதாகப் போனது ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம். சின்ன வயசு. முதல் நாள் கரண்ட் மெஷின் பக்கமே போகவில்லை. ஒரு தாளை எடுத்தார். மனித உருவம் முன்பக்கமும் பின்பக்கமும் கோடாக வரைந்த ஜெராக்ஸ். நகலுக்கு நகல் எடுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது, தலை கோணல். நாற்பத்து மூன்று வயது உடம்பு நோவை மறந்து என் கண் அந்தக் கோணலையே பார்த்தது, தொழில் புத்தி. "வலி எங்க இருக்கு அண்ணாச்சி, விரல் வச்சுக் காட்டுங்க" என்று கேட்டு, பிட்டத்திலிருந்து சுண்டுவிரல் வரை சிவப்புப் பேனாவால் இழுத்தார்.

அப்புறம் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். இடது காலில் இருபத்தைந்து தடவை சாதாரணமாக வந்தது. வலது காலில் ஆறாவதிலேயே கெண்டைக்கால் கைவிட்டுவிட்டது. எனக்கே அதுவரை தெரியாது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடி அவரே தூக்கினார். முப்பத்தைந்து டிகிரி இருக்கும், கத்திவிட்டேன். கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டினால் இடது பாதம் துள்ளியது, வலது சோம்பேறியாகக் கிடந்தது.

கடைசியாகக் குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். பாம்பு படமெடுக்கிற மாதிரி. பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் "இப்ப எங்க?" என்ற கேள்வி. ஏழாவது, எட்டாவது தடவையில் பாதத்திலிருந்த வலி கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. ஆனால் இடுப்பில் புதிதாக ஒரு குடைச்சல். அதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கோ எரிச்சல்.

வலி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம் என்று விளக்கினார். நரம்பு வலி காலின் நுனியிலிருந்து சுருங்கிச் சுருங்கி முதுகுப் பக்கம் ஏறினால் நல்ல அறிகுறி, முதுகு வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. முதுகிலிருந்து காலுக்கு இறங்கினால் செய்வது ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட வேண்டும். இதைக் கண்டுபிடித்த கதையும் சொன்னார். நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் 1956-இல் கால்வலியோடு வந்த ஒருவர், தலைமாடு உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடந்தவரைப் பார்த்து மெக்கன்சி பதறிப்போயிருக்கிறார். அவரோ கால்வலி விட்டுப்போனது என்றாராம்.

பத்து தடவை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வீட்டில் சரி, ஆபீஸில் எங்கே படுப்பது? பேப்பர் குடோனில் ரீம் கட்டுகளுக்கு நடுவில் ஓர் ஆள் படுக்கிற சந்து உண்டு. ரீம் சுற்றி வருகிற பழுப்புத் தாளை விரித்துக் குப்புறப் படுத்தேன். பைண்டிங் பிரிவுப் பெண்கள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, நீச்சல் பழகுறீங்களா?" என்றார்கள். முதலாளி ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் அந்தச் சந்தில் ஒரு பழைய பாய் கிடந்தது.

பைக்கை நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு மாறினேன். சிவகாசி வரை நின்றுகொண்டேதான் போவேன், உட்கார்ந்தால்தான் வலி. சீட் காலியாகி, "வாங்க, உக்காருங்க" என்று ஆள் கூப்பிட்டும் உட்காராத என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மானிட்டருக்குக் கீழே ரீம் கட்டுகளை அடுக்கி, பாதி வேலையை நின்றுகொண்டே பார்த்தேன். மீதி நேரம் உட்காரும்போது துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்துக்கொள்வேன். அரை மணிக்கு ஒருமுறை போன் அலாரம் அடிக்கும். பின் பாக்கெட் பர்ஸும் சட்டைப் பைக்கு இடம் மாறியது. கேன்தான் காரணம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை அந்த பிசியோதெரபிஸ்ட் ஏற்றுக்கொள்ளவே இல்லை. "பத்தொம்பது வருஷம் உக்காந்ததை விட்டுட்டு, ஒரு நிமிஷம் தூக்குனத குத்தம் சொல்றீங்களே" என்பார்.

இரண்டாவது வாரம்தான் சொதப்பினேன். கெண்டைக்கால் வலி சுத்தமாகப் போய், இடுப்பில் நடுவாக ஒரு கூர்மையான வலி வந்து உட்கார்ந்தது. சொல்லிக் கொடுத்தது மூளைக்குப் புரிந்திருந்தது, உடம்புக்குப் புரியவில்லை. முதுகெலும்பே விலகிவிட்டது என்று பயந்து, இரண்டு நாள் உடற்பயிற்சியை நிறுத்தி, தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து டி.வி. பார்த்தேன். மூன்றாம் நாள் வலி பழையபடி பாதத்தில். போய் நின்றேன். அவர் திட்டவில்லை. முதல் நாள் தாளை எடுத்து, அதற்குப் பக்கத்தில் நான்கு நாள் முன்னால் குறித்த தாளை வைத்தார். முதலாவதில் சிவப்புக் கோடு பாதம் வரை. இரண்டாவதில் பிட்டத்தில் ஒரு சின்ன வட்டம். "இதுலேர்ந்து இதுக்கு வந்துட்டு, திரும்பி அங்க போயிருக்கீங்க" என்றார். அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். குணமாகிற உற்சாகத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இதே பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். எழுபது வயது, அவருக்கும் கால் இழுப்பு. இரண்டே நாளில் அவர் நடக்கவே சிரமப்பட்டார். அவருக்கு முதுகெலும்பில் நரம்பு போகிற பாதையே குறுகிவிட்ட பிரச்சினை. நடந்தால் கால் வலிக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகும், எனக்கு அப்படியே தலைகீழ். அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் வளைவதுதான் ஆகாது. அவர் மருமகள் இன்னமும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

நான்காவது வாரம் நரம்பை அசைத்துக் கொடுக்கிற பயிற்சி. ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது தலையை மேலே தூக்க வேண்டும், காலை மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் தளர்த்துவதால் நரம்பு இழுபடாமல் வழுக்கிப் போய்வரும் என்றார். பத்து தடவை சொன்னதை நான் ஐம்பது தடவை செய்து, அன்று இரவு முழுக்கக் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்க, தூங்காமல் கிடந்தேன். நரம்பு தசை இல்லை, அதனிடம் வீரம் செல்லாது.

மற்றதெல்லாம் சலிப்பான வேலைதான். மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குவது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரமாக வளர்ந்த நடை. கோயில் மாட வீதிகளைச் சுற்றி விடிகாலையில் நடப்பேன். முதல் வாரம் கிழக்கு வீதி தாண்டுவதற்குள் திரும்பிவிட்டேன். பொருள் தூக்கவும் புதிதாகப் பழகினேன். தலை, முதுகு, இடுப்பு மூன்றிலும் ஒட்டியபடி ஒரு கம்பைப் பின்னால் பிடித்துக்கொண்டு, கம்பு விலகாமல் குனிய வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் குனிந்தவனுக்கு அது வர நாலு நாள் ஆனது.

ஏழாவது வாரம் பைக் எடுத்தேன். பாதி வழியில், மல்லியில் ஒரு டீ, நின்றுகொண்டே. தீபாவளிக்குள் மாத்திரை முழுதாக நின்றது. டாக்டர் சொல்லித்தான், மெல்லக் குறைத்து. முதலாளி பட்டாசுக் கிப்ட் பாக்ஸ் கொடுத்தார், அதை மார்போடு அணைத்து முழங்காலை மடக்கித் தூக்கினேன். பையன்கள் சிரித்தார்கள்.

அந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு அந்த மனித உருவத்தைக் கோரல்டிராவில் புதிதாக வரைந்து, தலையை நேராக்கி, அளவு சரிபார்த்து, இருநூறு தாள் அடித்துக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது எனக்கும் அதில்தான் குறித்தார். சுண்டுவிரல் நுனியில் மட்டும் ஒரு புள்ளி. அங்கே இன்னும் கொஞ்சம் மரத்த உணர்வு இருக்கிறது, வலியைவிட மரமரப்பு மெதுவாகத்தான் போகும் என்கிறார்.

தினமும் காலையில் பால் பொங்குகிற வரை அடுப்படியில் திண்டைப் பிடித்துக்கொண்டு வலது குதிகாலைத் தூக்கி எண்ணுகிறேன். நேற்று இருபத்து மூன்று. இன்றைக்கு இருபத்து நாலு ஆகியிருக்கும், அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.