டோர் (Tor) பிரவுசர் சுத்திக்கொண்டே நிக்குதோ?

முள்ளியவளையில இருந்து தங்கச்சி இரவு போன் எடுத்தவள். "அண்ணை, லப்டொப்பில டோர் ஒரு பக்கம் திறக்கக் கனநேரம் சுத்துது, அழிச்சுப்போடட்டோ?"

அழிக்காதையம்மா எண்டு சொன்னன். டோர் நீ ஆரெண்டதை மறைக்கிற பிரவுசர், அதில பக்கம் நேரா வாறேல்லை, 3 கணினிகளைத் தாண்டித்தான் வருது. முதலாவதுக்கு உன்னைத் தெரியும், நீ போற இடம் தெரியாது. கடைசிக்கு இடம் தெரியும், உன்னைத் தெரியாது. பரந்தனில இருந்து கிளிநொச்சிக்குப் பூநகரி சுத்திப் போறமாதிரி, நேரமெடுக்கும்தான். ஆனா நீ என்ன வாசிக்கிறாய் எண்டது உன்ரை விசயம், அதுக்காகக் காத்திருக்கலாம்.

நடுவில ஒரு கணினி நெரிசலாயிருந்தா கன்ட்ரோல், ஷிப்ட், எல் மூண்டையும் சேர்த்து அழுத்து, அந்தத் தளத்துக்கு வேற பாதை கிடைக்கும். வீடியோவை அதில பாக்காதை.

ரெண்டாந்தரம் பாதை மாத்தத் திறந்திட்டுதாம்.