12 வோல்ட் காட்டியதும் மீட்டரைக் கீழே வைக்காதீர்கள்

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. ஐடிஐ மோட்டார் வாகன மெக்கானிக் டிரேடு, செய்முறையில் பாஸ். போன வருடம் இதே செய்முறையில்தான் 60 சதவீதம் எட்டாமல் போனது. தியரி முதல் தடவையிலேயே வந்துவிட்டது, அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என்னைக் கவிழ்த்ததும் தூக்கிவிட்டதும் ஒரே வேலை: செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0443 என்ற ஃபால்ட் கோடு, அதாவது பர்ஜ் சோலனாய்டு (பெட்ரோல் டேங்க் ஆவியை என்ஜினுக்குள் விடும் மின்வால்வு) சர்க்கியூட்டில் கோளாறு.

போன வருடம் சோலனாய்டின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, 12 வோல்ட் வர வேண்டிய சப்ளை பின்னில் மீட்டர் வைத்தேன். 12.4 வோல்ட். சோலனாய்டின் கம்பிச்சுருள் (காயில்) 24 ஓம்ஸ், சரி. இசிஎம்முக்கு (என்ஜினை இயக்கும் கணினி) போகும் கன்ட்ரோல் வயரில் கன்டினியூட்டி இருந்தது, அதாவது எங்கும் அறுபடவில்லை. மூன்றும் சரி என்றால் இசிஎம்தான் போயிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தேர்வாளர் தாளைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் வந்து இறங்கும்வரை அந்த 12.4தான் மனதில் ஓடியது. அதில் என்ன தப்பு என்று அன்றைக்குப் புரியவில்லை.

புரிந்தது மண்டபம் பக்கம் ஒரு பட்டறையில். மீன் கூடை ஏற்றும் பெட்ரோல் வேன் ஒன்று அதே ஃபால்ட் கோடோடு வந்தது. மீட்டரில் மறுபடியும் 12.4. பட்டறை அண்ணன் மீட்டரை வாங்கி ஓரமாக வைத்தார். ஹோல்டரில் இருந்த 5 வாட் பார்க்கிங் பல்பை எடுத்து, ஒரு முனையைச் சப்ளை பின்னிலும் இன்னொன்றை பாடி எர்த்திலும் கொடுத்தார். பல்பு எரியவே இல்லை. வயரை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஒரு ஜாண் தள்ளி நின்றார். டேப்புக்கு அடியில் உறை லேசாக உப்பியிருந்தது. கீறினால் உள்ளே செம்பே தெரியவில்லை, முழுக்கப் பச்சைக் களிம்பு. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"தம்பி, நைஞ்ச கயிறும் சும்மா கட்டி வச்சா நிக்கத்தான் செய்யும். போட்டை இழுக்கச் சொல்லிப் பாரு" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம்ஸ் அளவில் இருக்கும், அது கரண்டே இழுக்காது. களிம்பு ஏறிய வயரில் சில ஆயிரம் ஓம்ஸ் தடை இருந்தாலும் முழு வோல்ட்டும் காட்டிவிடும். 24 ஓம்ஸ் சோலனாய்டுக்கு அரை ஆம்பியர் வேண்டும், அந்த வயர் அதைத் தராது. 5 வாட் பல்பு இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர், கிட்டத்தட்ட சோலனாய்டு அளவே. அதனால் அதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை:

– ஃபால்ட் கோடைக் குறித்துக்கொண்டு ஸ்கேனரில் அழியுங்கள், திரும்ப வருகிறதா பாருங்கள்.
– மீட்டரைத் தொடும் முன் கனெக்டரையும் வயரையும் கண்ணால் பாருங்கள். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. நான் நிதானமான ஆள், எனக்கு இது ஒத்துவந்தது.
– சப்ளை பக்கம்: பல்பு.
– கன்ட்ரோல் பக்கம்: பல்பின் ஒரு முனை பேட்டரி பிளஸ், மறுமுனை இசிஎம்முக்குப் போகும் கன்ட்ரோல் பின். ஸ்கேனரில் ஆக்டிவ் டெஸ்ட் கொடுத்தால் (வால்வை இயக்கச் சொல்லி இசிஎம்முக்கு உத்தரவு) மினுக்க வேண்டும்.
– ஹெட்லைட் பல்பு கூடவே கூடாது. 55 வாட் என்றால் நாலரை ஆம்பியர், இசிஎம்முக்குள் வால்வை இயக்கும் டிரைவர் சர்க்கியூட் போய்விடும். நேரடியாக 12 வோல்ட்டையும் அந்தப் பின்னில் கொடுக்காதீர்கள்.
– கரண்ட் இல்லாதபோது வால்வில் ஊதினால் காற்று போகக் கூடாது. இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வருடமும் எனக்குச் சோலனாய்டுதான் வந்தது. பல்பு எரியவில்லை. அதைக் கழற்றாமல் ஃபியூஸுக்கும் சப்ளை பின்னுக்கும் நடுவே அளந்தேன். 12 வோல்ட்டும் அங்கேயே நின்றது. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. பாதி பாதியாகப் பிரித்து வந்தால் நடுவில் இருந்த கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்திருந்தது. நம் ஊர் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்குத் தேர்வாளர் தனியாக ஃபால்ட் வைக்க வேண்டியதே இல்லை. சுத்தம் செய்து மாட்டியதும் 0.2 வோல்ட்.

தாளில் "சப்ளை சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே, பல்பு மாதிரி லோடோடா லோடு இல்லாமலா, எத்தனை வோல்ட், சரிசெய்த பிறகு எத்தனை என்று எழுதுங்கள்.

பல்பை ஹோல்டரோடு, இரண்டு முழம் வயரும் கிளிப்பும் வைத்து முந்தின நாளே செய்துவிடுங்கள். உள்ளே போனதும் தேர்வாளரிடம் காட்டி அனுமதி கேளுங்கள். நானும் கேட்டேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "5 வாட்தானே? வச்சுக்கப்பா" என்றார்.