நோசிக், ஹாயெக் படிச்ச கதையும் அப்பாவோட ஸ்கூட்டர் ரசீதும்

யு.பி.எஸ்.சி. தேர்வுல பி.எஸ்.ஐ.ஆர்., அதாவது அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும், ஆப்ஷனலா எடுத்து தமிழ்லயே மெயின்ஸ் எழுதப் போற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன். லிபர்டேரியனிசம், அதாவது அரசாங்கம் ஒரு எல்லைக்குள்ள நிக்கணும், தனிமனுஷனோட சுதந்திரம்தான் முதல்ல அப்படிங்கற வாதம், இதை நம்மள்ல பல பேர் ரெண்டு பக்க நோட்ஸோட முடிச்சிடுறோம். நானும் அப்படித்தான் முடிச்சேன். இந்த வாதத்த உரிமை பக்கத்துல இருந்து எழுதின தத்துவவாதி நோசிக், சிலபஸ்ல அவர் பேரு நேரா இருக்காது, நியாயமான பங்கீடு பத்தி எழுதின ரால்ஸ் இருப்பாரு, நியோலிபரல் அரசுக் கோட்பாடு இருக்கும், லாக், மில் இருப்பாங்க, அந்த சந்துல புகுந்துதான் இது வரும்.

டெஸ்ட் சீரிஸ்ல குறைந்தபட்ச அரசு, அதாவது போலீஸ், கோர்ட் மாதிரி காவல் வேலையோட நின்னுக்கற அரசு, பத்தி ஒரு 10 மார்க் கேள்வி, 150 வார்த்தை. நான் ரெண்டு வரி அறிமுகம் எழுதிட்டு மீதி முழுக்க திட்டித் தள்ளிட்டேன், பணக்காரனோட தத்துவம், ஏழைய அம்போன்னு விட்டுடும், இப்படி. 3 மார்க் வந்துச்சு. ஓரத்துல சிவப்பு மையில "மறுப்பு இருக்கு, வாதம் எங்கே?"ன்னு எழுதியிருந்தாங்க. அந்த ஒரு வரி என்னை ரொம்ப நாள் விடல. ஏன்னா எனக்கு அந்த வாதம் உண்மையிலயே தெரியல, அதை எதிர்க்கறவங்க சொன்னது மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு.

அந்த சமயத்துல ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு பத்திரம் தேடி தகரப்பெட்டிய கிளறினோம். உள்ள ஒரு ரசீது, நாலா மடிச்சு, மடிப்பெல்லாம் பழுப்பேறி இத்துப்போயி. அப்பா 1979ல ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டின ரசீது. வண்டி வந்தது 1985ல. புக் பண்ணப்ப கைக்குழந்தையா இருந்த அக்கா வண்டி வந்தப்ப ஒண்ணாங்கிளாஸ் படிச்சிக்கிட்டு இருந்தாளாம். "காசு கையில இருந்துச்சு, செய்யறவன் செய்யத் தயாரா இருந்தான், மேல இருந்து உத்தரவு இல்ல"ன்னு அப்பா சாதாரணமா சொன்னாரு. எனக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. 1951 தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்துல ஒரு தொழிற்சாலை எவ்வளவு செய்யலாம்ங்கறத லைசென்ஸ்தான் முடிவு பண்ணும், அதுக்கு மேல கூடுதலா செஞ்சா தப்பு. ஜூலை 1991ல வந்த புதுக் கொள்கையிலதான் 18 தொழில் தவிர மத்த எல்லாத்துக்கும் அந்த லைசென்ஸ் போச்சு.

இதுக்கு அப்புறம் பொருளாதார அறிஞர் ஹாயெக் 1945ல எழுதின கட்டுரையப் படிச்சேன், தானா புரிஞ்சுது. அவர் சொல்றது இதுதான்: எந்த ஊருக்கு என்ன வேணும், யாருக்கு எது அவசரம், எது இல்லாம சமாளிப்பாங்கங்கற விஷயம் எந்த ஒரு ஆபீஸ்லயும் மொத்தமா கிடையாது, அது கோடிக்கணக்கான பேர் தலைக்குள்ள துண்டு துண்டா கிடக்கு, அதை ஒண்ணு சேர்க்கறது விலைதான். வெள்ளீயத்த உதாரணமா சொல்லுவாரு. எங்கயோ ஒரு சுரங்கம் நின்னுபோயிருக்கலாம், இல்ல எங்கயோ புதுசா தேவை வந்திருக்கலாம், அதை வாங்கறவனுக்குக் காரணம் தெரியவே வேணாம், விலை ஏறுனத பாத்தே சிக்கனமா செலவு பண்ண ஆரம்பிச்சிடுவான். திட்டம் போடற அதிகாரி நல்லவரா கெட்டவராங்கறது இங்க கேள்வியே கிடையாது, எவ்வளவு நல்லவரா இருந்தாலும் எங்க அப்பாவுக்கு அந்த வருஷம் ஒரு வண்டி எவ்வளவு அவசியம்னு அவருக்குத் தெரிய வழியில்ல. பதில்ல இந்த இடத்த அழுத்தி எழுதுங்க.

நோசிக் வேற வழி. ஹாயெக் அறிவைப் பத்திப் பேசறாரு, நோசிக் உரிமையப் பத்திப் பேசறாரு, ரெண்டையும் ஒரே பத்தியில கொழப்பாதீங்க. 1971ல நியாயமான பங்கீடு பத்தி ரால்ஸ் புத்தகம், 1974ல அதுக்கு நோசிக் பதில். சொத்த எல்லாருக்கும் சமமா பிரிச்சுக் குடுத்தாச்சுன்னே வச்சுக்கங்க, சேம்பர்லின்னு ஒரு கூடைப்பந்து வீரர், அவர் ஆட்டத்தப் பாக்க ஒவ்வொருத்தரும் தானா விரும்பி 25 சென்ட் தர்றாங்க, 10 லட்சம் பேர் வந்தா அவர் கையில 2,50,000 டாலர். யாரும் ஏமாத்தல, யாரும் புடுங்கல, ஆனா சமம் போச்சு. மறுபடி சமம் ஆக்கணும்னா ஒண்ணு ஜனங்க காசை விருப்பப்படி தர்றத தடுக்கணும், இல்ல தந்தத திரும்ப எடுக்கணும், அதுவும் ஓயாம. சுதந்திரம் எந்தப் பங்கீட்டு முறையையும் கலைச்சிடும்ங்கறதுதான் சாரம். இந்த உதாரணத்த நான் நோட்ட மூடிவச்சிட்டு எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன், அவங்க "அப்ப டிக்கெட் வாங்காத ஆளோட புள்ளைக்கு என்ன ஆகும்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் என் விமர்சனப் பத்தியோட முதல் வரி ஆச்சு. நீங்களும் யாருக்காவது வாய்விட்டு சொல்லிப் பாருங்க, படிக்காதவங்ககிட்டயே கூட.

தப்பு பண்ற இடங்கள் சிலது சொல்றேன். அரசே வேணாம்னு இவங்க சொல்றதா எழுதிடாதீங்க, நோசிக் புத்தகத்தோட முதல் பகுதியே அரசு வேணாம்ங்கறவங்களுக்குப் பதில்தான், போலீஸ், கோர்ட், ஒப்பந்தத்த காப்பாத்தறது இதெல்லாம் இருக்கணும்ங்கறாரு. ஹாயெக் இன்னும் கொஞ்சம் தூரம் போயி எல்லாருக்கும் ஒரு அடிப்படை வருமானப் பாதுகாப்பு தரலாம்னே ஒத்துக்கறாரு. அப்புறம் வரி பத்தி மட்டும் எழுதறது. இதே பக்கத்துப் பொருளாதார அறிஞர் மில்டன் ப்ரீட்மன் அமெரிக்காவுல கட்டாய ராணுவ சேவைக்கு எதிரா போராடின ஆளு, 1973ல அது நின்னுச்சு. பேச்சு, உடம்பு, மதம், தொழில் எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்கணும்ங்கறதுதான் இவங்க வாதத்தோட நேர்மை, எனக்கு மனசுல நின்னதும் இதுதான்.

இந்திய உதாரணம் ரெண்டு போதும். 1959ல சென்னையில சுதந்திராக் கட்சி, அப்ப ராஜாஜிக்கு வயசு 80. நாக்பூர் காங்கிரஸ்ல வந்த கூட்டுப் பண்ணைத் தீர்மானத்தையும், பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்னு அவர் பேரு வச்ச அரசுக் கட்டுப்பாட்டையும் எதிர்த்து ஆரம்பிச்சாரு, 1967 மக்களவையில 44 இடம். இன்னொண்ணு ரொமேஷ் தாப்பர் வழக்கு, அவரோட பத்திரிகைய மெட்ராஸ் அரசு மாநிலத்துக்குள்ள வரக்கூடாதுன்னு தடை பண்ணுச்சு, 1950ல சுப்ரீம் கோர்ட் தடைய ரத்து பண்ணுச்சு, அடுத்த வருஷமே அரசியலமைப்போட முதல் திருத்தத்துல பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடு வந்துடுச்சு. தடை பண்ணப்பட்டது ஒரு இடதுசாரிப் பத்திரிகைங்கறத மறக்காம எழுதுங்க.

விமர்சனத்துக்கு வெளிய போக வேணாம், நோசிக் கிட்டயே ஆயுதம் இருக்கு. சொத்து நியாயமா வந்திருக்கணும், நியாயமா கை மாறியிருக்கணும், அநியாயம் நடந்திருந்தா சரி பண்ணனும், இதுல மூணாவத நம்ம ஊரு நிலத்துக்கும் சாதிக்கும் வச்சுப் பாருங்க. பழைய அநியாயம் பெருசா இருந்தா கொஞ்ச காலத்துக்குப் பெரிய அரசே தேவைப்படலாம்னு அவரே எழுதியிருக்காரு. கூடவே அம்பேத்கர் 4 நவம்பர் 1948ல அரசியல் நிர்ணய சபையில கிராமத்த விட்டுட்டு தனிமனுஷன அலகா எடுத்துக்கிட்டதுக்கு சந்தோஷப்பட்டுப் பேசினத சேருங்க. நம்ம நாட்டுல ஒரு ஆள நசுக்கறது டெல்லி மட்டும் கிடையாது, அவன் தெருவும்தான், அந்தத் தெருகிட்ட இருந்து காப்பாத்த அரசு வேண்டியிருக்கு. இப்படி எழுதின பதிலுக்கு எனக்கு 10க்கு 6 கிடைச்சுது.

கடைசியா தமிழ் மீடியம் ஆளுங்களுக்கு ஒண்ணு. லிபரலிசத்துக்குத் தாராளவாதம்னு பழகியிருக்கோம், லிபர்டேரியனிசத்துக்கு ஒருத்தர் சுதந்திரவாதம்பாரு, இன்னொருத்தர் வேற ஏதாவது சொல்லுவாரு. எந்த வார்த்தைய எடுத்தாலும் முதல் வரியிலயே அதுக்கு என்ன அர்த்தத்துல எழுதறீங்கன்னு சொல்லிட்டு, கடைசி வரி வரைக்கும் அதை மாத்தாம எழுதுங்க.