நம்ம ஆறு எது?

பள்ளியிலிருந்து மகள் ஒரு தாள் கொண்டுவந்தாள். இங்கே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறைக்கு 'பெபெஹா' என்று பேர். முதலில் மலை, அப்புறம் ஆறு, முன்னோர் வந்த தோணி, மக்கள். சொந்தப் பேர் கடைசியில்தான். அதைப்போல ஒவ்வொரு பிள்ளையும் எழுதி வர வேண்டுமாம்.

ஆறு என்ற இடத்தில் 'வைக்காட்டோ' என்று எழுதியிருந்தாள். சுருக்கென்றது.

"ஏட்டி, தாமிரபரணில்லா நம்ம ஆறு?"

"நாம குடிக்கிறது வைக்காட்டோ தண்ணிதானேப்பா?"

ஆக்லாந்துக் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. பதில் சொல்ல வாய் வரவில்லை. 'தாமிரபரணித் தண்ணி குடிச்ச உடம்பு' என்று என் ஆச்சி சொல்வாளே, அதே கணக்கைத்தான் இவளும் போட்டிருக்கிறாள்.

தோணிக்கான இடம் காலியாக இருந்தது. பக்கத்து இருக்கைப் பிள்ளை 'தைனுய்' என்று எழுதிவிட்டானாம். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கிழக்குப் பாலினீசியத் தீவுகளிலிருந்து, நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்துக் கடல் கடந்து வந்தவர்களின் வம்சம் அவன். எழுநூறு வருஷம் ஆகியும் தோணியின் பேர் மறக்கவில்லை. எனக்கு என் பூட்டன் பேரே தெரியாது.

அடுத்த வீட்டுப் பாட்டி நியூவே தீவுக்காரர். அந்தத் தீவில் இருப்பவர்களைவிட நியூசிலாந்தில் இருக்கும் நியூவே மக்கள் பல மடங்கு. கொல்லையில் சேம்பு வளர்க்கிறார். முதல்முறை ஒரு கிழங்கைக் கையில் கொடுத்தபோது, சேப்பங்கிழங்கு வறுவல் வாசனை மூக்கில் ஏறி, நன்றி சொல்லக்கூட மறந்து நின்றேன்.

2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரோப்பிய வம்சாவளியினர் 67.8 சதவீதம், மாவோரி 17.8, எங்களைப் போன்ற ஆசியர் 17.3, பசிபிக் தீவினர் 8.9. கூட்டினால் நூறைத் தாண்டும். ஒருவரே இரண்டு மூன்று இனமாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம் என்பது இங்கே விதி. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

தோணிக் கதைக்கு என்னிடமும் ஒன்று இருந்தது. 1836 வாக்கில் வாங்கரே பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலச் சட்டியில் உருளைக்கிழங்கு அவிப்பதை வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தார். அது சட்டி இல்லை, விளிம்பு உடைந்த கப்பல் மணி. காற்றில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்ததாம். அதைச் சுற்றி எழுத்து, தமிழ் எழுத்து! முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்று பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அந்தக் கப்பல்ல நம்ம ஆளுங்க இங்க வந்தாங்களா?" என்றாள். மணி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது, கண்ணு.

ஆற்றுக்கும் அந்த இரண்டு மூன்று விதி உண்டா என்று டீச்சரிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

வந்து 9 வருஷம் ஆகிறது. வேர் பிடித்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அன்று ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். சாப்பாடு, மூட்டுவலி எதுவும் விசாரிக்கவில்லை.

"ஆத்துல தண்ணி எவ்வளவும்மா போகுது?"

"அதை ஏன் கேக்க! குறுக்குத்துறைக் கோயில் மூழ்கிட்டு. சாமியை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிட்டாவ."